படம் காட்டினால் போதாது, கோப்பைக் கொடு!

“எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?”

சர்க்கார் ஆபீஸ்களில் இன்று குடியானவனுக்கும் மலைவாசிக்கும் கிடைக்கிற பதில் இது. கேட்கும்போது நியாயம் போலவே தோன்றுகிறது. பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் தாலுகா கச்சேரி வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடந்த காலம் மாறி, இ-சேவை மையத்தில் உட்கார்ந்த இடத்தில் தாளை வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை வந்திருக்கிறது. அது முன்னேற்றமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, இல்லாதது யார் கையில் இருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

நாம் கேட்டோம். நடந்ததைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தியாகதுருகம் மலைக்கோட்டை தெரிகிற ஒரு மாடி அறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, கல்வராயன் மலைத் தோழர்களின் வன உரிமை மனுக்களுக்குப் படம் தயாரிக்கும் வேலையை நம்மில் சிலர் செய்து வருகிறோம். மலையில் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற ஒரு பெரியவர், பேரனுடைய கைப்பேசியை வைத்துக்கொண்டு தமது கொல்லையின் நான்கு எல்லையையும் சுற்றி நடந்துவிட்டு வந்திருந்தார். நடந்த தடம் அப்படியே பதிவாகியிருந்தது. அவர் மனுவுக்கு ஓர் ஆபீஸ் சொன்ன பதில்: “செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் காடாகத் தெரிகிறது. எல்லைக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது.”

எந்தப் படம்? எந்தக் கோடு? காட்டுங்கள் என்றோம். பச்சையும் மஞ்சளுமாக அச்சடித்த ஒரு தாளைக் காட்டினார்கள். அந்தத் தாளில் கோட்டின் தடிப்பே, நிலத்தில் வைத்துப் பார்த்தால், ஐம்பது மீட்டர் வரும். பெரியவரின் கொல்லை கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, கோட்டுக்கு அடியிலேயேவா என்று பிரம்மதேவன் வந்தாலும் சொல்ல முடியாது. “இந்தக் கோடு கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாகத்தானே இருக்கும்? அந்தக் கோப்பைக் கொடுங்கள். பெரியவர் நடந்த தடத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கிறோம்” என்றோம். “அதெல்லாம் வெளியே கொடுக்கிற வழக்கமில்லை. அதுதான் படம் கொடுத்துவிட்டோமே!” என்றார்கள்.

படம் காட்டுகிறார்கள், தோழர்களே! நம் ஜனங்களின் பேச்சில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

படத்துக்கும் கோப்புக்கும் என்ன வித்தியாசம்? படம் பார்ப்பதற்கு, கோப்பு அளப்பதற்கு. கோப்புக்குள் ஒவ்வொரு எல்லைக் கல்லும் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்ற எண் இருக்கிறது. அந்த எண் கையில் இருந்தால் பரப்பைக் கணக்கிடலாம், பக்கத்து நிலத்தோடு ஒப்பிடலாம், தப்பு இருந்தால் இன்ன இடத்தில் இத்தனை மீட்டர் தப்பு என்று சொல்லலாம். அச்சடித்த தாளோடோ, பி.டி.எஃப். என்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்த படத்தோடோ இதைச் செய்ய முடியாது. பலகாரக் கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற லட்டு மாதிரி, பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

கோப்பு கிடைத்தாலும் போதாது. அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது அடுத்த வழக்கு. தஞ்சையில் பண்ணையார்கள் குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒரு மரக்காலும், கூலி நெல்லை அளந்து போட வேறொரு மரக்காலும் வைத்திருந்த கதை நம் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். கள்ள மரக்காலை ஒழி என்பது அங்கே செங்கொடிச் சங்கத்தின் ஆரம்பகாலக் கோரிக்கைகளில் ஒன்று. நெல்லுக்கு மரக்கால் எப்படியோ, வரைபடத்துக்குக் கோப்பு வடிவம் அப்படி. ஒரு கம்பெனியின் மென்பொருளில் மட்டுமே திறக்கிற வடிவத்தில் எல்லைகளைப் பூட்டி வைத்தால், அந்த மென்பொருளைப் பணம் கொட்டி வாங்க முடிந்தவன் மட்டுமே நிலத்தை அளக்கலாம்; மற்றவன் அவன் சொன்ன அளவை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் இலக்கணம் தெரிந்த திறந்த வடிவத்தில் இருந்தால், கியூஜிஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் எந்த ஊர்ப் பையனும் அதைத் திறந்து பார்த்துவிடுவான். ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் அவனுக்குச் சில நிமிஷ வேலை.

“இது டெக்னிக்கல் சமாசாரம், இதில் அரசியல் எங்கே வந்தது?” என்று கேட்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். நிலத்தை அளப்பதில் அரசியல் இல்லாத நாள் ஒன்று இந்த நாட்டில் என்றைக்காவது இருந்ததா? நம் கண்ணெதிரே நிற்கிற தியாகதுருகம் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் மாறி மாறி மோதிக்கொண்ட கோட்டை இது. 1761-ல் பாண்டிச்சேரி வீழ்ந்த கையோடு இதுவும் ஆங்கிலேயன் வசமாயிற்று. கோட்டையைப் பிடித்தவன் அடுத்துக் கையில் எடுத்தது அளவைச் சங்கிலி. சர்வே ஆஃப் இந்தியா என்ற இலாகாவின் பிறப்பு 1767. கிழக்கிந்தியக் கம்பெனி படை நடத்தவும் வரி தண்டவும் உண்டாக்கிய இலாகா அது. 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலையருகே முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கி, தென்னாடு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாகக் கட்டினார். மலையுச்சி இல்லாத சமவெளியில் நமது கோயில் கோபுரங்களே அவருக்கு மேடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய கோணமானி மோதி உடைந்ததும் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. சங்கிலி இழுத்தவனும், காட்டை வெட்டி வழி உண்டாக்கியவனும், காய்ச்சலில் செத்தவனும் நம்மவர். படம் மட்டும் கம்பெனிக்கு!

அந்த ஏற்பாடு 1947-ல் முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு வரிசை, ஜனங்களுக்கு ஒரு வரிசை என்று இரண்டாகப் பிரித்தது. 2016-ல் மத்திய சர்க்கார் ஒரு மசோதா நகலை வெளியிட்டது. அனுமதி வாங்காமல் புவித் தகவலைச் சேகரித்தால், வெளியிட்டால், 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 வருஷம் வரை ஜெயில் என்று அதில் எழுதியிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த நகல் சட்டமாகாமலே நின்றுபோயிற்று. ஐந்தே வருஷத்தில், 2021 பிப்ரவரியில், அதே சர்க்கார் தலைகீழாகத் திரும்பி, இந்தியக் கம்பெனிகள் அனுமதியே இல்லாமல் படமெடுக்கலாம், விற்கலாம் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அனுமதி முறையை நீக்கியது தப்பு என்று நாம் சொல்லவில்லை. நேற்றுவரை தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தாக இருந்த கோடு, முதலாளிக்கு லாபம் தரும் என்று தெரிந்ததும் ஒரே நாளில் ஆபத்தில்லாத கோடாக மாறிவிட்டதே, அந்த மாயம் என்ன? மலைவாசி தன் கொல்லையின் எல்லையைக் கேட்கும்போது மட்டும் பழைய பாதுகாப்புப் பூதம் ஏன் மறுபடி எழுந்து வருகிறது?

சர்வே ஆஃப் இந்தியா தனது 250-வது ஆண்டை ஒட்டி, 2017-ல் 1:50,000 அளவுப் படங்களை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. ஆதார் எண்ணைக் கொடுத்து, கிடைத்ததைப் பார்த்தால் பி.டி.எஃப்.! அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். ஓர் ஏக்கரைச் சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். படத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டர் சொச்சம். எறும்பின் நிழல்! ஓடையையும் ரோட்டையும் அறிந்துகொள்ள அந்தப் படம் உதவும். நிலத்தகராறுக்கு உதவாது.

நிலத்தகராறுக்கு உதவ வேண்டியது புலப்படம், எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு புலப்படம் உண்டு. உலகத்தில் பல நாடுகளில் இவ்வளவு நுணுக்கமான ஆவணம் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கல்லிலிருந்து கல்லுக்கு நேர்க்கோடு பிடித்து, அந்தக் கோட்டிலிருந்து வளைவுகளுக்குக் குறுக்களவு எடுத்து, ஏணி போல எண்களை எழுதி வைத்திருக்கிறார்கள். இதை கொலாப்லேண்ட் என்ற மென்பொருள் மூலம் கம்ப்யூட்டரிலும் ஏற்றியாகிவிட்டது. நமக்கு இ-சேவை மையத்தில் கிடைப்பது அதன் பி.டி.எஃப். நகல்.

இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, புலப்படம் நிலத்தின் உருவத்தைச் சொல்கிறது. பூமியில் அது எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அட்சரேகை தீர்க்கரேகை அதில் கிடையாது. ஆகவே முச்சந்திக் கல்லையோ, கிணற்றையோ, பழைய வரப்பு மூலையையோ நிலத்தில் தேடிக் கண்டுபிடித்து, அங்கே கைப்பேசியையோ கருவியையோ வைத்து எண் எடுத்து, குறைந்தது நான்கு இடங்களிலாவது படத்தை பூமியோடு ஆணி அடித்துப் பொருத்த வேண்டும். பிறகு கோடுகளைத் திரையில் மறுபடியும் வரைய வேண்டும். ஏற்கெனவே சர்க்கார் கம்ப்யூட்டரில் கோடாக இருப்பதை, அவர்கள் படமாக்கிக் கொடுக்க, நாம் அதை மறுபடியும் கோடாக்குகிறோம்! நெல்லைக் குத்தி அரிசியாக்கலாம். மாவை மறுபடி அரிசியாக்கச் சொன்னால் என்ன செய்வது? ஒரு கிராமத்துக்கு இந்த வேலை வாரக்கணக்கில் இழுக்கிறது.

இரண்டாவது கண்ணி அளவை. பழைய புலப்படங்களில் அளவு சங்கிலியிலும் லிங்க்கிலும் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க். ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர். பிற்கால அளவைகளில் மீட்டர் வந்துவிட்டது. தாளில் எது என்று கவனிக்காமல் லிங்க்கை மீட்டர் என்று ஏற்றிவிட்டால் நீளம் ஐந்து மடங்காகும், பரப்பு ஏறக்குறைய இருபத்தைந்து மடங்காகும். தியாகதுருகம் பக்கத்து ஏழைக் குடியானவர் ஒருவரின் ஓர் ஏக்கரை நம் தோழர் ஒருவர் இப்படி இருபத்தைந்து ஏக்கர் ஆக்கிவிட்டார். ‘உச்சவரம்பில் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்’ என்று அவரைக் கேலி செய்தோம்.

சுயவிமர்சனமாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மலைப் பெரியவரின் தடத்தை முதல் தடவை நாம் கோப்பாக மாற்றியபோது அவருடைய கொல்லை கல்வராயன் மலையில் விழவில்லை. வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவில், பனிப்பாறைகளின் நடுவே போய் விழுந்தது! காரணம் எளிது. நாம் பேசும்போது அட்சரேகையை முதலில் சொல்கிறோம்: 11 சொச்சம், 78 சொச்சம் என்று. ஜியோஜேசன், கே.எம்.எல். என்ற கோப்பு வடிவங்களோ தீர்க்கரேகையைத்தான் முதலில் எதிர்பார்க்கின்றன. வரிசை மாறினால் 78 பாகை வடக்கு, 11 பாகை கிழக்கு என்று ஆகிவிடுகிறது. விசித்திரம் என்னவென்றால், அந்த இடத்துக்கு அருகிலேதான், நி-ஆலசுண்ட் என்ற ஊரில், இந்திய சர்க்கார் 2008-ல் ஹிமாத்ரி என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. இன்னொரு விஷயமும் அந்த ஊருக்கு உண்டு. அது ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 நவம்பரில் சுரங்கம் வெடித்து 21 தொழிலாளர்கள் மாண்டார்கள். பாதுகாப்பில் சர்க்கார் காட்டிய அலட்சியத்தைப் பற்றிய கொந்தளிப்பில் மறுவருஷம் நார்வே மந்திரிசபையே கவிழ்ந்தது. வழிதவறிப் போனாலும் நம் பெரியவரின் கொல்லை தொழிலாளர் பூமியில்தான் போய் விழுந்தது என்று தேற்றிக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை. “ஏந் தோழர், மிசின்ல நீங்க ரெண்டு நம்பர மாத்திப் போட்டா எங்கொல்ல பனிக்கட்டிக்குப் போயிருது. ஆபீசுக்காரங்க மாத்திப் போட்டிருந்தா அது காட்டுக்குப் போயிருக்குமில்ல?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைத்தான் நாம் சர்க்காரிடம் கேட்கிறோம்.

ஏனென்றால் அப்படிப் போவதற்கு வழி இருக்கிறது. இந்தியாவின் பழைய படங்கள் எல்லாம் எவரெஸ்ட் என்பவர் 1830-ல் கணக்கிட்ட பூமியின் உருவத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசியும் செயற்கைக்கோளும் பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு அடிப்படை. ஒன்றிலுள்ள எண்ணை மற்றதற்கு மாற்றாமல் அப்படியே வைத்தால், நமது பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகிப்போகும். ஓர் ஏக்கரின் பக்கம் 64 மீட்டர் என்று மேலே சொன்னோம். அதாவது முழு ஏக்கரும் தன் இடத்தை விட்டு எழுந்து நடந்து, அடுத்தவன் நிலத்தையும் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். சமவெளியில் இது தகராறு. காட்டின் ஓரத்தில் இது ‘ஆக்கிரமிப்பு’! பழைய வன எல்லைப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது இந்த மாற்றத்தைச் செய்தார்களா, எந்தக் கணக்கில் செய்தார்கள் என்று கோப்பைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அச்சடித்த தாளில் அந்தத் தடயம் இல்லை.

மிகுந்த மன்றாட்டுக்குப் பிறகு ஓரிடத்தில் ஒரு கோப்பு கொடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஷேப் ஃபைல் என்கிற வடிவம். 1990-களில் அமெரிக்கக் கம்பெனியான எஸ்ரி கொண்டுவந்தது. 1998-ல் அதன் இலக்கணத்தை அவர்களே வெளியிட்டதால் உலகமெங்கும் எல்லா மென்பொருளும் அதைப் படிக்கிறது. இதே கம்பெனி பின்னால் கொண்டுவந்த ஃபைல் ஜியோடேட்டாபேஸ் என்ற வடிவத்தின் முழு இலக்கணத்தை அப்படி வெளியிடவில்லை. தன்னார்வத் தொண்டர்கள் பைட் பைட்டாக ஆராய்ந்து அந்தப் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. ஷேப் ஃபைல் என்பது பெயருக்குத்தான் ஒரு கோப்பு. உருவத்துக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று, பெயர் விவரத்துக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று கோப்பு சேர்ந்தால்தான் அது உயிர் பெறும். எந்த அடிப்படையில் அளந்தது என்று சொல்ல நாலாவதும் வேண்டும். நமக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று. வண்டியைக் கேட்டோம், அச்சாணியைக் கொடுத்தார்கள்.

நாலும் ஒழுங்காகக் கிடைத்தாலும் தமிழுக்கு அங்கே என்ன கதி தெரியுமா? பெயர் விவரங்களை வைக்கும் கோப்பில் ஒரு தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ‘தியாகதுருகம்’ என்ற ஏழெழுத்தும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்ந்து 36 பைட். ‘பட்டாதாரர் பெயர்’ என்று தலைப்புக் கொடுத்தால் ‘பட்’ என்பதோடு வெட்டிவிடும். உள்ளே இருக்கிற பெயர்கள் எந்த எழுத்து முறையில் இருக்கின்றன என்று குறிக்காமல் அனுப்பினால், ஊர்ப் பெயரும் உழுதவன் பெயரும் கேள்விக்குறிகளாகக் கொட்டும். யூனிகோடுக்கு முந்திய டாம், டாப் எழுத்துருக்களில் ஏற்றிய பழைய பதிவுகள் இன்னும் மோசம். ஜியோபேக்கேஜ் என்று ஒரு திறந்த வடிவம் 2014-லிருந்து இருக்கிறது. எல்லாம் ஒரே கோப்பு, தமிழ் தமிழாகவே நிற்கும், கியூஜிஸ் அதைத்தான் முதலில் நீட்டுகிறது. இருந்தும் ஆபீஸ் வழக்கம் மாறவில்லை. தமிழுக்கு விழா எடுப்பதற்குச் செலவழிக்கிற பணத்தில் அரைக்காசு போதும் இதை மாற்ற.

இவ்வளவு பூட்டுகளுக்கும் சாவி செய்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிராங்க் வார்மெர்டாம் என்ற கனடாக்காரர் 1998-ல் தொடங்கிய ஜிடால் என்ற மென்பொருள்தான் இன்று உலகத்தின் வரைபடக் கோப்பு வடிவங்களில் பெரும்பாலானவற்றைப் படித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றித் தருகிறது. கேரி ஷெர்மன் என்பவர் 2002-ல் ஆரம்பித்ததுதான் கியூஜிஸ். இங்கிலாந்தில் ஜனங்களின் வரிப்பணத்தில் எடுத்த படத்தை ஜனங்களுக்கே விலைக்கு விற்ற காலத்தில், 2004-ல், ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் நாமே நடந்து நாமே வரைவோம் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். நம் நாட்டிலும் டேட்டாமீட் என்ற குழுவின் இளைஞர்கள் சர்க்கார் படங்களிலிருந்து எல்லைகளைத் திறந்த வடிவங்களுக்கு மாற்றிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் கம்யூனிஸ்டுகள் என்று நாம் சொல்லிக்கொள்ளவில்லை. தன் உழைப்பின் பலனைப் பூட்டாமல் உலகத்துக்குக் கொடுப்பவனிடம் நமக்குச் சண்டையில்லை, வணக்கந்தான். பெரிய கம்பெனிகளும் இதே ஜிடாலைத் தங்கள் சரக்குகளுக்குள் வைத்துக் காசு பண்ணுகின்றன என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

“சரி, ஆதிவாசிக்கு எதற்கு ஜிடாலும் கிடாலும்? நிலம் வேண்டுமென்றால் போராட வேண்டியதுதானே?” என்று நம் அணிகளிலேயே சில தோழர்கள் கேட்கிறார்கள். போராடாமல் எது கிடைத்தது? கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டதே 1976-ல்தான். நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து! வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது, இடதுசாரிகளும் ஆதிவாசி அமைப்புகளும் விடாமல் நெருக்கியதால். தமிழ்நாட்டில் 2008-ல் வந்த ஹைகோர்ட் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், கல்வராயன் மலை ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஹைகோர்ட் தானாக முன்வந்து விசாரித்தது. போராட்டத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் என்று யாரும் சொல்லவில்லை. ஊர்வலத்தில் கோஷம் போட்டுவிட்டு ஆபீசுக்குள் போனதும், மேஜைமேல் அவர்கள் விரிக்கிற படத்துக்கு எதிராக நாம் விரிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

குஜராத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே செயற்கைக்கோள் படத்தைக் காட்டி ஆயிரக்கணக்கான ஆதிவாசி மனுக்களைத் தள்ளினார்கள். 2013-ல் குஜராத் ஹைகோர்ட், படத்தை மட்டும் வைத்துத் தள்ளியது செல்லாது, மறுபடி பரிசீலியுங்கள் என்று உத்தரவிட்டது. 2012-ல் திருத்திய வன உரிமை விதிகளிலேயே, செயற்கைக்கோள் படம் மற்றச் சாட்சியங்களுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாகாது என்று எழுதியிருக்கிறது. பெரியவர்கள் வாக்குமூலம், கல்லறை, குலதெய்வக் கோயில், பழைய வரப்பு எல்லாம் சாட்சியம். இந்த விதி தெரியாத அதிகாரி இருக்க முடியாது. தெரியாத மலைவாசி நிறைய இருக்கிறார்.

கேரளத்தில் 1990-களின் ஆரம்பத்தில் கல்யாசேரிப் பஞ்சாயத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்களும் விஞ்ஞானிகளும் ஊர் ஜனங்களோடு சேர்ந்து, நிலம், நீர், மண் எல்லாவற்றையும் வயல் வயலாக நடந்து படமாக்கினார்கள். அப்போது காகிதமும் பென்சிலுந்தான். அந்தப் படம் ஊராரின் கையில் இருந்தது, திட்டம் போட உதவியது. இன்று அதைவிட நூறு மடங்கு சாதனம் ஒவ்வொரு பையனின் சட்டைப் பையிலும் இருக்கிறது. இல்லாதது சர்க்கார் வைத்திருக்கிற கோடு ஒன்றுதான்.

ஒரு ஜாக்கிரதையும் தேவை. மலையில் எடுக்கிற தடங்களை எல்லாம் கிடைத்த கம்பெனிப் படத்தில் ஏற்றிவிட வேண்டாம். ஊர்க் காவல் தெய்வத்தின் இடம், தேன் எடுக்கிற பாறை, மூலிகை விளையும் சரிவு எல்லாம் வெளியே போனால் யார் முதலில் ஏறி வருவான் என்று நமக்குத் தெரியும். எதைத் திறப்பது, எதை ஊருக்குள் வைத்துக்கொள்வது என்பதைக் கிராம சபை தீர்மானிக்கட்டும். சர்க்காரின் எல்லைக்கோடு வேறு, ஜனங்களின் ரகசியம் வேறு.

இனி வேலைக்கு வருவோம். வன உரிமை விதிகளில் 6-வது விதி, வனப் படங்களையும் வருவாய்ப் படங்களையும் கிராம சபைக்கோ வன உரிமைக் குழுவுக்கோ கொடுப்பது உட்கோட்டக் குழுவின் கடமை என்று சொல்கிறது. ‘கொடுக்கலாம்’ என்று அல்ல. அதோடு, மத்திய சர்க்காரே 2012-ல் வெளியிட்ட தகவல் பகிர்வுக் கொள்கை, பொதுத் தகவலை இயந்திரம் படிக்கக்கூடிய திறந்த வடிவத்தில் தரவேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

மே 1 கிராம சபையில் தீர்மானம் போடும் கல்வராயன் மலைத் தோழர்கள் வெறுமனே ‘படம் வேண்டும்’ என்று எழுத வேண்டாம். வன எல்லையும் புலப்பட எல்லையும் ஜியோபேக்கேஜ் அல்லது ஜியோஜேசன் கோப்பாக வேண்டும். எந்த அடிப்படையிலிருந்து எந்த அடிப்படைக்கு, எந்த வருஷம், யார் மாற்றினார்கள் என்ற குறிப்பு கூடவே வேண்டும். பெயர்கள் தமிழில், யூனிகோடில் இருக்க வேண்டும். மறுத்தால் எந்தச் சட்டப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வேண்டும் என்று எழுதுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்றைத் தியாகதுருகம் அறைக்கும் அனுப்பி வையுங்கள். கைப்பேசித் தடத்தோடு யாராவது கீழே இறங்கி வருவதானால் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வரட்டும்; பகலில் நாமும் கூலிக்குப் போகிறவர்கள்.